எந்த ஊர், தம்பி?

ககோஷிமாவில் சில நாட்கள் வெயிலும் இருக்காது, மழையும் இருக்காது. ஆனாலும் தெருவில் போகிறவர்கள் குடை பிடித்திருப்பார்கள். சாம்பலுக்காக. ஜப்பானின் கியூஷு தீவில், தெற்குக் கோடியில் இருக்கிற ஊர் அது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சகுராஜிமா எரிமலை புகைந்துகொண்டே இருக்கிறது. காற்று ஊர்ப் பக்கம் திரும்பிவிட்டால் காயப்போட்ட துணி, நிறுத்தி வைத்த கார், வாசற்படி எல்லாவற்றிலும் கறுப்புப் பொடி படிந்துவிடும். பெருக்கிய சாம்பலை அள்ளிப் போட நகராட்சியே மஞ்சள் பை கொடுக்கிறது.

அந்த ஊரில் தினமும் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்துகொண்டு சைக்கிளில் சுற்றுகிற இரண்டு பேர் இருக்கிறார்கள். சட்டைப்பையின் மேல் கறுப்புப் பெயர் அட்டை. தலையில் ஹெல்மெட். ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் காலர் மடிப்புக்குள் எரிமலைச் சாம்பல் கோடு போட்டிருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷில் சோப்பைத் தொட்டு அதைத் தேய்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை இரவு அந்தப் போன் வருகிறது.

“எல்டர், இந்த முறை நீங்கள் மாறுகிறீர்கள். கொக்குரா.”

பேச்சு அவ்வளவுதான். ஆறு மாதமாக இருந்த ஊரைக் காலி செய்ய அவனுக்கு நான்கைந்து நாள் இருக்கிறது.

இந்த இளைஞனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. இவன் ஒரே ஒருவன் அல்ல. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருக்களில் இருந்துவிட்டுப் போன பலரைச் சேர்த்து வரைந்த உருவம். வயது 19. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்ததிலிருந்து அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. குடும்பப் பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ சேர்த்துத்தான் எல்லாரும் அழைக்கிறார்கள். நம் பைபிள் தமிழில் சொன்னால் மூப்பர். ஜப்பானியர்கள் ‘சோரோ’ என்கிறார்கள். அதற்கும் மூத்தவர் என்றுதான் பொருள். மீசை சரியாக முளைக்காத பையனுக்கு அந்தப் பட்டம்.

உலகம் இவர்களை மார்மன்கள் என்று அழைக்கிறது. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை அது. முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அந்தப் பெயரையே சொல்லுங்கள், மார்மன் என்று சொல்ல வேண்டாம் என்று 2018-ல் சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். தலைமையகம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. சபையின் பதிவேட்டில் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இப்போது 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களும் இளம்பெண்களும் உலகமெங்கும் முழுநேர ஊழியத்தில் இருக்கிறார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஆண்கள் 19 வயதில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். 2012 முதல் 18 வயதிலேயே கிளம்பலாம். எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பையன் என்றால் அவனோ அவன் குடும்பமோ மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 24 மாதத்துக்கு 12 ஆயிரம் டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 10 லட்சம். தங்கள் கைக்காசைப் போட்டு, முன்பின் தெரியாத மொழியைப் படித்து, அடுத்தவன் கதவைத் தட்டப் போகிறார்கள்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கதவைப் பற்றித்தான் எழுதுவார்கள். எத்தனை கதவு மூடியது, எத்தனை திறந்தது என்பதுதான் கணக்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சனிக்கிழமை இரவில் வருகிற அந்தப் போன். ஒரு ஊரில் வேர் பிடிக்கும் நேரம் பார்த்துப் பிடுங்கி வேறு ஊரில் நடுகிற இந்த ஏற்பாடுதான் இந்த இரண்டு வருடத்தின் உண்மையான பரீட்சை. அதில் பையன்கள் எப்படியோ தேறிவிடுகிறார்கள். விட்டுவிட்டுப் போன ஊர்க்காரர்களின் நிலைமை வேறு.

பலகையில் ஒரு போட்டோ

இடமாற்றம் எப்படி நடக்கிறது? உலகம் முழுக்க 400-க்கு மேற்பட்ட மிஷன்கள், அதாவது ஊழிய மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். மனைவியோடு வந்து 3 வருடம் இருப்பார். அவர் அலுவலகத்தில் ஒரு பலகை. அதில் மிஷனில் இருக்கும் ஒவ்வொருவரின் போட்டோவும், யார் யாரோடு எந்த ஊரில் என்ற வரிசையில் ஒட்டியிருக்கும். இப்போது பல இடங்களில் அது கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை தலைவர் அதன் முன் உட்கார்ந்து, ஜெபம் செய்து, போட்டோக்களை நகர்த்துகிறார். புதிதாக வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். முடித்துப் போகிறவர்களின் இடத்தை நிரப்ப வேண்டும். ஒத்துப்போகாத ஜோடியைப் பிரிக்க வேண்டும். மனம் உடைந்து கிடப்பவனுக்கு நல்ல துணை வேண்டும். ஒரு போட்டோவை நகர்த்தினால் அதோடு இன்னும் நான்கு நகரும். இந்த முடிவு கடவுளின் வழிகாட்டுதலோடு வருகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. அதனால் யாரும் வாதாடுவதில்லை.

எல்லாரும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாறிவிடுவதில்லை. ஒரே ஊரில் மூன்று, நான்கு சுற்று இருப்பவர்களும் உண்டு. இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 17 சுற்று வரும். பொதுவாக நான்கு முதல் ஆறு ஊர். ஆனால் போன் 17 முறையும் வரும். இருக்கிறோமா, போகிறோமா என்று 17 முறை வயிற்றைப் பிசையும்.

ஊர் மாறுவதைவிடப் பெரிய விஷயம் ஜோடி மாறுவது. இந்த ஊழியத்தில் தனியாக இருக்கவே கூடாது. காலை 6.30-க்கு எழுவதிலிருந்து இரவு 10.30-க்கு விளக்கை அணைப்பது வரை, குளியலறை தவிர மற்ற இடமெல்லாம், ஜோடியின் கண் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் அந்த ஜோடி என்பதும் உன் விருப்பம் அல்ல. குறட்டை விடுகிறவன் வரலாம். வாய் ஓயாதவன் வரலாம். வீட்டு ஞாபகத்தில் இரவெல்லாம் விசும்புகிறவன் வரலாம். கல்யாணம் ஆனவர்கள்கூட இத்தனை மணி நேரம் சேர்ந்து இருப்பதில்லை. ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவனைச் சகித்து, அடுத்த ஆறு வாரத்தில் அவனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், அவன் அம்மாவுக்கு என்ன உடம்பு என்பதெல்லாம் தெரிந்து, அவன் சகோதரன் மாதிரி ஆகும்போது போன் வருகிறது.

இந்த வாழ்க்கைக்கென்று அவர்களிடம் ஒரு பரிபாஷை இருக்கிறது. ஒரு மிஷனரி முதலில் காலடி வைத்த ஊர் அவன் ‘பிறந்த’ ஊர். முதல் 12 வாரம் கையைப் பிடித்து நடத்துகிற சீனியர் அவன் ‘அப்பா’. அந்த அப்பாவைப் பழக்கியவன் ‘தாத்தா’. இரண்டு வருடம் முடிந்து வீட்டுக்குப் போவது ‘சாவு’. கடைசி ஆறு வாரம் கூட இருந்தவன் அவனை ‘கொன்றவன்’. விளையாட்டாகச் சொல்வதுதான். ஆனாலும் 20 வயதுப் பையன்கள் இரண்டு வருடத்துக்குள் பிறந்து, பிள்ளை பெற்று, பேரன் கண்டு, செத்தும் போகிறார்கள் என்பதைக் கேட்கும்போது மனதில் ஏதோ செய்கிறது. பிரிவுக்கு வேறு சொல் கிடைக்காமல்தான் இவ்வளவு பெரிய சொற்களை எடுத்துக்கொண்டார்களோ என்று தோன்றுகிறது.

ஜப்பானில் இருப்பவர்கள் இடமாற்றத்துக்கு ஜப்பானியச் சொல்லையே சொல்கிறார்கள்: ‘இடோ’. கம்பெனிகள் ஊழியர்களை வேறு கிளைக்கு மாற்றும்போது சொல்கிற அதே சொல். அதனால் அங்கே பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. “இடோ” என்றால் புரிந்துகொள்வார். அவர் பிள்ளையும் ஒருநாள் அப்படித்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

சொல்லிக்கொண்டு போவது

திங்கட்கிழமை அவர்களுக்கு அரை விடுமுறை. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான். வீட்டுக்குப் பேசுவது என்பதே 2019 பிப்ரவரிக்குப் பிறகு வந்த சலுகை. அதற்கு முன் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என வருடத்துக்கு இரண்டே போன். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். இப்போது வாரம் ஒருமுறை அம்மா முகத்தைப் பார்க்கலாம். இந்தத் திங்கட்கிழமை அம்மாவிடம் ஊர் மாறுகிறேன் என்கிறான். “பாட்டிகளிடம் சொல்லிக்கொண்டாயா?” என்று கேட்கிறார் அம்மா. பார்த்தே இராத அந்தப் பாட்டிகளை அவருக்கும் தெரியும்.

இரண்டு பெரிய பெட்டியையும் ‘தக்கியூபின்’ என்கிற பார்சல் சேவையில் முன்கூட்டியே அனுப்பிவிடலாம். ஜப்பானில் அது சுலபம். மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். சைக்கிளை அடுத்து வருகிறவனுக்காக விட்டுவிட வேண்டும். டை ஒன்றை ஜோடியிடம் கொடுத்து அவனுடையதை வாங்கிக்கொள்வது பல நாடுகளில் மிஷனரிகளின் வழக்கம். அலமாரியில் முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன சாமான்கள்: காலாவதியான கறிக்குழம்புக் கட்டி, கைப்பிடி உடைந்த குடை, யாருடையதோ குளிர்காலக் கையுறை. அவற்றோடு இவனுடைய தேய்ந்த ஷூவும் சேர்கிறது.

பிறகு விடைபெறும் படலம். வாயிலில் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே ஏறும்போது சாக்ஸில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்து தட்டில் ஏதோ கொண்டுவந்து வைக்கிறார். முதல் முறை வந்தபோது பச்சைத் தேநீர் கொடுத்தார், இவர்கள் குடிக்கவில்லை. காபி, தேயிலை, மது, புகையிலை நான்கும் இவர்களுக்கு விலக்கு. 1833 முதல் இருக்கும் போதனை. விருந்தாளி தேநீரைத் தொடாவிட்டால் ஜப்பானிய வீட்டில் மனம் சுருங்கிவிடும், நம் வீடுகளில் காபியை வேண்டாம் என்றால் சுருங்குகிற மாதிரியே. அடுத்த முறை அந்த அம்மாள் பார்லியை வறுத்துப் போட்ட ‘முகிச்சா’ வைத்திருந்தார். அதில் தேயிலை கிடையாது. அன்றிலிருந்து அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இவர்களுக்காக ஒரு ஜாடி முகிச்சா இருக்கும். இன்றைக்கும் அதுதான். “அடுத்து வருகிற பையன் இதைக் குடிப்பானா?” என்று கேட்கிறார். பையனுக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்தத் தேநீர் மறுப்புக்கு ஜப்பானில் ஒரு பழைய கதை உண்டு, நடந்த கதை. 1945 நவம்பர், போர் முடிந்து மூன்று மாதம். நகோயா பக்கத்தில் நருமி என்கிற ஊர். அமெரிக்கச் சிப்பாய்கள் மூன்று பேருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் தேநீர் கொடுத்தார். அவர்கள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். வென்ற நாட்டுச் சிப்பாய், எதையும் பிடுங்கிக்கொள்ளலாம் என்ற நிலையில் இருப்பவன், தேநீரை ஏன் வேண்டாம் என்கிறான்? கேட்டார், சொன்னார்கள், பேச்சு வளர்ந்தது. அவர் பெயர் தத்சுயி சாத்தோ. 1946 ஜூலையில் அவரும் அவர் மனைவி சியோவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1957-ல் வெளிவந்த, இந்தச் சபையின் வேத நூலான மார்மன் புத்தகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு அவர் செய்தது. அந்தச் சிப்பாய்கள் ஊழியத்துக்கு வந்தவர்கள் அல்ல. பிரசங்கத்தோடு தொடங்கவும் இல்லை. கொடுத்த தேநீரைக் குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் ஒரு கதை. 1901 ஆகஸ்ட் 12-ல் யோக்கோஹாமா துறைமுகத்தில் நான்கு பேர் இறங்கினார்கள். தலைமை ஹீபர் கிராண்ட். பின்னாளில் சபையின் தலைவரானவர். கூட வந்தவர்களில் இளையவர் ஆல்மா டெய்லர், வயது 19. ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாது. அந்த டெய்லர் எட்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். மொழியைக் கற்றார், மார்மன் புத்தகத்தின் முதல் ஜப்பானிய மொழிபெயர்ப்பை 1909-ல் அச்சேற்றிவிட்டு 1910-ல்தான் கிளம்பினார். சபையோ 1924-ல் கடையைக் கட்டியது. 1923-ல் பெரிய நிலநடுக்கம், மறுவருடம் ஜப்பானியர்களுக்குக் கதவடைத்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், இரண்டு நாட்டுக்கும் இடையே கசப்பு. 23 வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 166 பேர். மிஷனரிகள் கப்பலேறிய பிறகு, ஃபுஜியா நாரா போன்ற சிலர் மட்டும் அந்தச் சிறு கூட்டத்தைக் கட்டிக் காத்தார்கள். மிஷன் மறுபடி திறக்க 1948 ஆயிற்று.

166 என்பது சிறிய எண். டெய்லரின் எட்டு வருடத்தையும் நாராவின் தனிமையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அது சிறியதாகத் தெரியவில்லை. டெய்லருக்கு இன்றைய ஆறு வாரக் கணக்கு இருந்திருந்தால் அந்த மொழிபெயர்ப்பு வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

கொக்குரா நிலையம்

ககோஷிமா சூவோ நிலையத்தில் ஷின்கான்சென் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கொக்குரா. இவன் தோளில் ஒரு பை, கையில் வழியனுப்பியவர்கள் கொடுத்த சோற்றுப் பொட்டலம். பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் அட்டையைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். குமமோத்தோ, ஹகாத்தா என்று ஊர்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நடைமேடையிலும் வெள்ளைச் சட்டைகள் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும். தனியாக இருக்கக் கூடாது என்ற விதியால், இடமாற்ற நாளில் ரயில் நிலையங்களில் ஆளைக் கைமாற்றுவதற்கென்றே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். பயிற்சிக் காலத்து நண்பனை எதிர் நடைமேடையில் பார்த்துக் கையாட்ட ஒரு நிமிடம் கிடைக்கும். அடுத்த சந்திப்பு எப்போது என்று தெரியாது.

கொக்குரா சாதாரண ஊர் அல்ல. 1945 ஆகஸ்ட் 9-ல் இரண்டாவது அணுகுண்டுக்குக் குறித்து வைத்த ஊர் இதுதான். மேகமும் புகையும் மூடி இலக்குத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்த ஊரில் இறங்கி நிற்கிறான் ஒரு அமெரிக்கப் பையன். அவன் தட்டப்போகிற கதவுகளில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால், மேகம் மூடிய அந்தக் காலையில் சிறுமியாக இருந்த ஒருவர் இருக்கக்கூடும். 19 வயதில் எதை எதையோ படிக்கிறோம். ஒரு ஊரின் முன் தலைகுனிந்து நிற்பது எப்படி என்று எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. அதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினால் இரண்டு வருடம் வீண்போகவில்லை.

நடைமேடையில் புது ஜோடி காத்திருக்கிறான். இந்த முறை ஜப்பானியப் பையன். குனிந்து வணங்குவதா, கை குலுக்குவதா என்று இருவருக்கும் ஒரு நொடி தடுமாற்றம். கடைசியில் இரண்டையும் செய்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் கைப்பேசியில் ‘ஏரியா புக்’கைத் திறக்கிறார்கள். முன்னால் இருந்தவர்கள் யார் யாரைச் சந்தித்தார்கள், என்ன பேசினார்கள் என்ற குறிப்புகள் அதில் இருக்கும். முன்பு தடித்த ஃபைலாக இருந்தது, இப்போது ஆப். ‘வியாழன் மாலை வரலாம். நாய் கடிக்காது. மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம்.’ இப்படி ஒரு வரி இருந்தால் போதும், எழுதியவன் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துவிடும். மறுநாள் காலை மறுபடி இன்டர்காம், மறுபடி “கெக்கோ தெசு” என்கிற பதில். போதும், வேண்டாம் என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது. அதை ஒரு நாளில் ஐம்பது முறை கேட்பவனுக்கு அந்தப் பணிவும் வலிக்கும்.

விட்டுப்போன ஊர்

மாறிப் போகிறவனின் கதை இது. ஆனால் முகிச்சா ஜாடி வைத்த அந்த அம்மாளிடம் திரும்ப வேண்டும்.

ஒருவரிடம் மாதக்கணக்கில் போய்ப் பேசி, அவர் துக்கத்தைக் கேட்டு, நம்பிக்கை ஊட்டி, ஞானஸ்நானம் வரை கொண்டுவருகிறான் ஒரு பையன். அவருக்குச் சபை என்றால் அந்தப் பையன்தான். அடுத்த சுற்றில் அவன் இல்லை. புதியவன் வருகிறான்; நல்லவன்தான், ஆனால் வேறு ஆள். அவனும் ஆறு வாரத்திலோ பன்னிரண்டு வாரத்திலோ போய்விடுவான். 1980-ஐ ஒட்டிய சில வருடங்களில் தோக்கியோவின் ஒரு மிஷனில் மிக வேகமாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் சீக்கிரமே வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்று ஜப்பானில் சபைப் பதிவேட்டில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். பெயர் இருப்பவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் இருப்பதில்லை.

இடமாற்றத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஒரே இடத்தில் இருந்தால் தேங்கிப்போவார்கள். ஊரார் சபையை நம்பாமல் ஆளை நம்பத் தொடங்குவார்கள். ஒத்துவராத ஜோடிக்கு விடுதலை வேண்டும். எல்லாம் சரி. ஆனால் மனிதர் ஆளை நம்பித்தான் எதையும் நம்புகிறார்கள். சாத்தோ நம்பியதும் எதிரே உட்கார்ந்திருந்த மூன்று முகங்களைத்தான். ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் அதற்குப் பிறகு ஆறு மாதமாவது அந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு சாதாரண வெளியாளாக இதைச் சொல்கிறேன். பலகையில் போட்டோவை நகர்த்துகிறவர்கள் அந்த அம்மாளின் ஃபிரிட்ஜையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

பாதியில் வீடு திரும்புகிற பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பு முடியாமலோ மனம் முடியாமலோ ஆறாவது மாதம் விமானம் ஏறுகிறவனை ஊர் ஒரு மாதிரி பார்க்கிறது. அவன் கதவுகளுக்குப் பயந்து ஓடிவந்தவன் அல்ல. 18 வயதில் இத்தனை பிரிவைத் தாங்க முடியாதவன். அது குற்றம் இல்லை.

முழுக்க இருந்து திரும்பியவர்களுக்கு அந்த நாடு கடைசிவரை மனதைவிட்டுப் போவதில்லை. ஜப்பானுக்கு மிஷனரியாகப் போன கென்ட் கில்பர்ட் அந்த மொழியிலேயே பேசி ஜப்பானியத் தொலைக்காட்சியில் பிரபலமானார். தைவானில் கதவு தட்டிய ஜான் ஹன்ட்ஸ்மன் பிறகு சீனாவுக்கு அமெரிக்கத் தூதரானார். இவர்கள் பெயர் வெளியே தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் யூட்டாவில் பல் மருத்துவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்துகொண்டு, தூக்கத்தில் ஜப்பானிய மொழியில் முனகுகிறார்கள்.

நமக்கும் இவர்கள் புதியவர்கள் அல்ல. ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853-லேயே மதராஸுக்குக் கப்பலில் வந்து ஓராண்டு போல் ஊழியம் செய்தார். இன்று பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் இருக்கிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சபைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் அந்தக் கறுப்பு அட்டையோடு நடப்பவர்கள் பெரும்பாலும் நம் நாட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் சனிக்கிழமை இரவு போன் வருகிறது. அவர்களும் பெட்டி கட்டுகிறார்கள்.

உங்கள் வாசலில் அப்படி இருவர் வந்து நின்றால், அவர்கள் சொல்வதை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு உங்கள் சாமி இருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ கொடுங்கள். காபி வேண்டாம், குடிக்க மாட்டார்கள். கொடுத்துவிட்டு, “எந்த ஊர், தம்பி? அம்மாகிட்ட பேசினியா?” என்று கேளுங்கள். எத்தனையோ நாளாக யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.